அழவைக்கும் அனிமே பாட்டை எப்படிக் கேட்பது: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யூடியூபில் "சோகமான அனிமே பாடல்கள்" என்று தேடினால் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஓடும் தொகுப்புகள் வரிசைகட்டி நிற்கும். புதிதாகக் கேட்க வருபவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பாட்டுகளில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஓர் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பாட்டு நெஞ்சைப் பிடித்து உலுக்குகிறதென்றால், அதில் பாதி வேலைதான் இசையுடையது. மீதியைக் கதை பார்த்துக்கொள்கிறது, அதுவும் தவணை முறையில். கதை தெரியாமல் கேட்டால் நல்ல மெட்டு, நல்ல குரல், அவ்வளவுதான் மிஞ்சும். "இதற்கா ஆளாளுக்கு அழுகிறார்கள்?" என்று ஒருமுறை தோன்றிவிட்டால் அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டீர்கள்.

ஜப்பானிய மொழி தெரியாது, அனிமேவும் அதிகம் பார்த்ததில்லை என்று வைத்துக்கொண்டு இந்த வரிசையைச் சொல்கிறேன். கதைகளின் திருப்பங்களைக் கூடியவரை மறைத்திருக்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் மறைக்க வழியில்லை. அங்கே முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

1. எந்தப் பாட்டு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொலைக்காட்சி அனிமேவில் ஓர் அத்தியாயம் ஏறக்குறைய 24 நிமிடம். தொடக்கப் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம். ரசிகர்கள் ஓப்பனிங், எண்டிங் என்பார்கள். இன்னும் சுருக்கி ஓபி, ஈடி. கதைக்கு நடுவே ஒலிப்பது இன்செர்ட் சாங். பாட்டு முழுதாக நாலைந்து நிமிடம் இருக்கும். தொலைக்காட்சிக்காக வெட்டிய ஒன்றரை நிமிட வடிவத்துக்கு 'டிவி சைஸ்' என்று பெயர்.

நம் சினிமாப் பாட்டு வளர்ந்த முறையே வேறு. படத்தில் அது ஒருமுறை வரும். பெரும்பாலும் படத்துக்கு முன்பே வெளியாகி நமக்கு மனப்பாடமாகியும் இருக்கும். அனிமேவில் அதே 90 வினாடி, அதே காட்சிகளோடு, 12 வாரமோ 24 வாரமோ திரும்பத் திரும்ப வருகிறது. 2011-இல் தொடங்கிய ஹண்டர் எக்ஸ் ஹண்டரில் 148 அத்தியாயத்துக்கும் ஒரே ஓப்பனிங் பாட்டுதான். பாட்டு அப்படியே இருக்க, அதைக் கேட்கும் நமக்குத் தெரிந்த கதை மட்டும் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு அத்தியாயமும் அந்தப் பாட்டு என்கிற உண்டியலில் ஏதோ கொஞ்சம் போட்டுவிட்டுப் போகிறது. உடைபடும் நாள் பிறகு வரும்.

2. செட்டிங்ஸைச் சரிசெய்யுங்கள்

அற்பமான வேலை என்று தோன்றும். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் உள்ளவற்றில் உடனே பலன் தருவது இதுதான். ஸ்ட்ரீமிங் தளங்கள் இரண்டு வகையில் நம் பாட்டைப் பறிக்கின்றன. தொடக்கத்தில் 'ஸ்கிப் இன்ட்ரோ' பட்டன். அது நம் விரல் சம்பந்தப்பட்டது, தொடாமல் இருந்தால் போதும். ஆபத்தானது முடிவில் வருவது. எண்டிங் தொடங்கியதும் படம் மூலைக்குச் சுருங்கி, சில வினாடிகளில் அடுத்த அத்தியாயம் தானாக ஓட ஆரம்பித்துவிடும். நெட்ஃபிளிக்ஸில் உங்கள் புரொஃபைலின் பிளேபேக் செட்டிங்ஸுக்குப் போனால் அடுத்த அத்தியாயம் தானாக ஓடுவதை நிறுத்திவிடலாம். அதில் இறங்கச் சோம்பலாக இருந்தால், திரையில் தோன்றும் 'வாட்ச் கிரெடிட்ஸ்' பட்டனையாவது அமுக்குங்கள். அனிமேவுக்கென்றே இருக்கும் கிரஞ்சிரோல் தளத்திலும் ஆட்டோபிளேயை அணைக்க வசதி உண்டு.

டீமன் ஸ்லேயர் போன்ற சில தொடர்கள் தமிழ் டப்பிலும் கிடைக்கின்றன. தாராளமாக அப்படிப் பார்க்கலாம். பாட்டைப் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதால் நமக்கு நஷ்டமில்லை.

3. பதினொன்றே அத்தியாயம் உள்ள ஒன்றில் தொடங்குங்கள்

நான் கைகாட்டுவது அனோஹனா. 2011 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒளிபரப்பான தொடர், மொத்தம் 11 அத்தியாயம். சிறுவயதில் ஆறு நண்பர்கள், மலைப்பக்கம் ஒரு குடிசை, அதுதான் அவர்களுடைய ரகசியக் கூடாரம். ஆறு பேரில் மென்மா என்ற சிறுமி இறந்துபோகிறாள். சில ஆண்டுகள் கழித்து ஒரு கோடையில், பள்ளிக்கே போகாமல் வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் ஜிந்தாவின் கண்ணுக்கு மட்டும் அவள் தெரிய ஆரம்பிக்கிறாள். இது முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது, ஆகவே சொன்னதில் தவறில்லை.

எண்டிங் பாட்டு 'சீக்ரெட் பேஸ்'. இதற்கென ஒரு முன்கதை உண்டு. ஸப்போரோ நகரத்தைச் சேர்ந்த ஸோன் என்ற பெண்கள் இசைக்குழு 2001 ஆகஸ்டில் வெளியிட்ட பாட்டு இது. எழுதி மெட்டமைத்தவர் நோரிஹிகோ மச்சிதா. முதலில் இது ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்குத்தான் போனது; அனிமேவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கோடை விடுமுறை முடிந்து நண்பர் பிரிந்து போகிறார், பத்து ஆண்டு கழித்து ஆகஸ்டில் மறுபடி சந்திப்போம் என்று நம்புகிறேன் என்பது வரிகளின் சாரம். சரியாகப் பத்து ஆண்டு கழித்து அனோஹனா அதை எடுத்துக்கொண்டது. மறுபதிவில் பாடியவர்கள் ஐ கயானோ, ஹருகா தொமத்ஸு, சவோரி ஹயாமி. தொடரின் மூன்று பெண் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த அதே மூவர். அதாவது இறந்துபோன மென்மாவின் குரலும் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. 2005-இல் கலைந்துபோயிருந்த ஸோன் குழுவும், பாட்டில் சொன்ன வாக்கை நிறைவேற்றுவதற்காக 2011 ஆகஸ்டில் மீண்டும் கூடியது.

இந்தத் தகவல்களையெல்லாம் மறந்துவிட்டும் பார்க்கலாம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்: எண்டிங் எப்போது தொடங்குகிறது? காட்சி முடிந்த பிறகு அல்ல. யாரோ ஒருவர் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுவார், அல்லது சொல்லவேண்டியதை முழுங்கிவிடுவார். அந்த வசனம் முடியும் முன்பே பின்னணியில் பாட்டின் முன்னிசை மெல்ல நுழைந்துவிடும். பேச்சு அடங்கும்போது பாட்டு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று அத்தியாயத்தில் அந்த முன்னிசைக்கும் தொண்டை அடைப்பதற்கும் முடிச்சு விழுந்துவிடுகிறது. அதற்குமேல் என்ன வரப்போகிறது என்று தெரியாமலேயே, அந்த ஒலி கேட்டதும் உடம்பு தயாராகிவிடும். நம்மை வைத்துச் செய்யும் தந்திரம்தான். தெரிந்தே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

4. உற்சாகமான பாட்டை லேசாக எடைபோடாதீர்கள்

சோகக் கதைக்கு மெதுவான, பியானோ சொட்டும் பாட்டு வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். பல நேரம் நேர்மாறாகத்தான் இருக்கும். யுவர் லை இன் ஏப்ரலின் (2014) முதல் ஓப்பனிங்கான 'ஹிகாரு நாரா', கூஸ் ஹவுஸ் குழு கூட்டாகப் பாடிய துள்ளல் பாட்டு. வெயில், கூச்சல், இளமை. 22 அத்தியாயத்தையும் முடித்துவிட்டு அதையே மறுபடி போட்டுக் கேட்டுப்பாருங்கள். ஒரு சுரம்கூட மாறியிருக்காது, ஆனால் முழுதாகக் கேட்டு முடிப்பது கஷ்டம். சோகமான பாட்டு தன் சோகத்தைத் தானே சொல்லி முடித்துவிடுகிறது. உற்சாகமான பாட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது, நிரப்பவேண்டியது நாம்தான்.

இந்த வித்தையின் உச்சம் என்று நான் நினைப்பது மடோகா மாகிகாவின் 'கனெக்ட்'. தொடர் 2011 ஜனவரியில் தொடங்கியது, 12 அத்தியாயம். பாடியவர்கள் கிளாரிஸ், அப்போது பள்ளி மாணவிகளாக இருந்த, முகத்தைக் காட்டாமலேயே பாடிவந்த இருவர். ஓப்பனிங் காட்சியில் இளஞ்சிவப்புத் தலைமுடி நாயகி, பூனை போல ஒரு பிராணி, சிறுமிகளுக்கான மந்திரக் கதையின் வழக்கமான சீர்வரிசை எல்லாம் உண்டு. கதை போகப்போக இருட்டிக்கொண்டே வரும், பாட்டு மட்டும் ஒன்றுமே நடக்காதது போல வாராவாரம் சிரிக்கும். பொருத்தமில்லாமல் வைத்துவிட்டார்களோ என்று நினைப்பீர்கள்.

பத்தாவது அத்தியாயம் ஓப்பனிங் இல்லாமல் தொடங்குகிறது. கடைசியில், எண்டிங் வரவேண்டிய இடத்தில் 'கனெக்ட்' ஒலிக்கிறது. அதுவரை நாயகியின் வாக்குறுதி என்று நாம் எடுத்துக்கொண்டிருந்த வரிகள் யாருடையவை என்று அப்போதுதான் தெரியும். இதற்குமேல் சொல்லமாட்டேன். முதல் ஒன்பது அத்தியாயத்திலும் ஓப்பனிங்கைத் தாண்டிக் குதித்தவருக்கு இந்த இடம் வெறும் 90 வினாடி.

5. வரிகளை எப்போது படிப்பது

முதல் இரண்டு மூன்று அத்தியாயத்தில் வேண்டாம். மெட்டும் குரலும் காதில் ஏறட்டும். பாதித் தொடர் தாண்டியதும் மொழிபெயர்ப்பைத் தேடிப் படியுங்கள். முழுத்தொடரும் முடிந்தபின் இன்னொருமுறை. இரண்டு வாசிப்புக்கும் இடையில் எந்த வரி நிறம் மாறியது என்று கவனியுங்கள்; பாட்டெழுதியவர் கதை முழுதையும் தெரிந்துகொண்டு எழுதினாரா, மேலோட்டமாக எழுதினாரா என்பது அங்கே வெளுத்துவிடும்.

கூடவே பாட ஆசை வந்தால் தயங்காதீர்கள். ஜப்பானிய மொழியில் குறில், நெடில் வித்தியாசம் நம் மொழியைப் போலவே கறாரானது, மெய் இரட்டிப்பதும் உண்டு. ஆங்கில எழுத்தில் கிடைக்கும் வரிகளைப் பார்த்து நீங்களே தமிழில் எழுதிவைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாகவே வாயில் வரும்.

6. ஒரு கீபோர்டு கிடைத்தால்

இசை தெரியாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம், ஆனால் ஃபோனில் ஒரு பியானோ ஆப் போதும். சி மேஜரில் இந்த நான்கு கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) வரிசையாக அமுக்குங்கள்: எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர். மறுபடியும் அதையே. ஜப்பானிய பாப் இசையில் இது சலிக்காமல் புழங்கும் வரிசை. அங்கே இதற்கு ராஜபாட்டை என்றே பெயர். எஃப்பிலிருந்து ஜிக்குப் போனதும் காது அடுத்து சியை, அதாவது வீட்டை, எதிர்பார்க்கிறது. வாசல்வரை கூட்டிவந்துவிட்டு ஈ மைனருக்குத் திருப்பி, ஏ மைனரில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். வெளிச்சமாகத் தொடங்கி, வீடு சேராமல், ஆனால் அழுதும் விடாமல் நிற்கும் அந்த உணர்வைத்தான் பலரும் "சந்தோஷமா சோகமா என்றே தெரியவில்லை" என்று சொல்கிறார்கள்.

கட்டமைப்பையும் பாருங்கள். ஜப்பானியப் பாட்டில் பல்லவி, அனுபல்லவிக்குப் பதிலாக ஏ மெலோ, பி மெலோ, ஸபி என்று மூன்று அடுக்கு. ஸபிதான் உச்சம். ஏ மெலோ தாழ்ந்த குரலில் பேசுவது போலப் போகும், பி மெலோ தாளத்தைச் சற்றே இழுத்துப் பிடித்துக் காத்திருக்க வைக்கும், ஸபியில் திறந்துவிடும். 90 வினாடியில் இவ்வளவையும் செய்தாக வேண்டும் என்பதால் டிவி சைஸில் வீண் சந்தங்களுக்கு இடமே இல்லை. சில பாடல்கள் ஸபியிலேயே தொடங்கி ஆளை முதலிலேயே மடக்கிவிடும்.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுகளுக்கு இன்னொன்றும் பிடிபடும். பழைய ஜப்பானியப் பள்ளிப் பாடல்களிலும் என்கா என்னும் பழைய பாணி ஜனரஞ்சகப் பாடல்களிலும் நான்காவது, ஏழாவது சுரங்களை நீக்கிவிட்ட ஐந்து சுர அமைப்பு நிறைய. ம, நி இல்லாத ஸ ரி க ப த. நம்முடைய மோகனம்! இன்றைய அனிமே பாட்டுகள் ஏழு சுரங்களையும் தாராளமாகப் பயன்படுத்துகின்றன, ஆனாலும் அந்த வாடை ஆங்காங்கே அடிக்கும். முன்பின் கேட்டிராத மெட்டு எங்கோ கேட்டது போல இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

7. வழக்கம் உடையும் அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள்

ஒரே பாட்டு வாரம் தவறாமல் வருவது பழகிவிட்டதல்லவா, அதை ஒருநாள் வேண்டுமென்றே கலைப்பார்கள். டீமன் ஸ்லேயர் முதல் பருவத்தின் 19-ஆம் அத்தியாயம் (2019) இதற்குப் பாடமாக வைக்கத்தக்கது. சிலந்தி மலையில் சண்டை உச்சத்தில் இருக்கிறது, வாள் தீப்பிடித்து எரிகிறது. ஆக்ரோஷமான இசை வரவேண்டிய அந்த நேரத்தில், ஒரு பெண் குரல் தாலாட்டு வேகத்தில் பாட ஆரம்பிக்கிறது. கோ ஷீனா இசையமைத்து நாமி நகாகவா பாடிய 'காமாதோ தஞ்சிரோ நோ உதா'. வழக்கமான எண்டிங் அன்றைக்கு வரவே இல்லை. இந்தப் பாட்டோடுதான் அத்தியாயம் முடிகிறது. சண்டையில் யார் ஜெயிப்பார் என்பதை விட்டுவிட்டு, நாயகன் தஞ்சிரோ என்ற இந்தப் பையன் எதற்காகச் சண்டை போடுகிறான் என்பதை அந்தக் குரல் ஞாபகப்படுத்திவிடுகிறது. தொடரில் ஈடுபாடு இல்லாதவர்கள்கூட இந்த ஒரு அத்தியாயத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

8. கதைக்குள்ளேயே பாடப்படும் பாட்டு

எச்சரிக்கை சொல்வதாகச் சொன்ன இடம் இது. ஒன் பீஸ் என்ற நீண்ட கடல்கொள்ளையர் தொடரைப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பகுதியை விட்டு 9-க்குப் போய்விடுங்கள்.

'பிங்க்ஸ் நோ ஸாகே' ஒரு கடல்கொள்ளைக்காரர் பாட்டு. வரிகள் கதாசிரியர் எய்ச்சிரோ ஓதாவே எழுதியவை, இசை கோஹெய் தனாகா. சாராயம், அலை, காற்று, யோஹோஹோ என்று கும்மாளமான பாட்டு. ரம்பார் கொள்ளையர் கப்பலில் விஷ ஆயுதங்களால் தாக்கப்பட்டு எல்லோரும் சாகக் கிடக்கிறார்கள். பிரிந்துபோன லபூன் என்ற திமிங்கிலக் குட்டிக்குக் கேட்கவைப்பதற்காக, கடைசியாக ஒருமுறை இந்தப் பாட்டை எல்லோருமாக வாசித்து ஒலிச்சிப்பியில் பதிவு செய்கிறார்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. நால்வர், மூவர், இருவர் என்று குறைந்து கடைசியில் அந்தக் கப்பலின் இசைக்கலைஞர் புரூக் ஒருவர் மட்டும் வாசிக்கிறார். மெட்டு அதேதான், வேகமும் குறையவில்லை. காணாமல் போகும் வாத்தியங்களைத்தான் நம் காது எண்ணிக்கொண்டிருக்கிறது.

லபூன் முதலில் வருவது 62-ஆம் அத்தியாயத்தில். புரூக்கின் கதை வெளியாவது 380 வாக்கில். முந்நூறு அத்தியாயத்துக்கு மேல் காத்திருந்து உடைத்த உண்டியல் அது. இந்தக் காட்சியை மட்டும் நாலு நிமிடத் துணுக்காகப் பார்த்துவிட்டு "நன்றாக இருந்தது" என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகவே இருக்கும்.

9. முழுப் பாட்டுக்குப் போவது

தொடரை முடித்த பிறகு கேளுங்கள். டிவி சைஸில் வெட்டுப்பட்ட இரண்டாம் சரணத்தில்தான் கதையின் பின்பாதிக்கான வரிகள் ஒளிந்திருக்கும். சில பாடல்கள் முழுதாக வரும்போது நீர்த்துப்போவதும் உண்டு, அப்போது 90 வினாடியோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

தொடர் பார்க்கவே நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: மகோதோ ஷின்காயின் 5 சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட், 2007-இல் வந்த ஒரு மணி நேரப் படம். மசயோஷி யமஸாகி 1997-இல் பாடி வெளியிட்ட 'ஒன் மோர் டைம், ஒன் மோர் சான்ஸ்' கடைசிப் பகுதியில் ஒலிக்கிறது. பிரிந்துபோன ஒருத்தியை எதிர் நடைமேடையிலும், சந்து ஜன்னல்களிலும், அவள் இருக்க வாய்ப்பே இல்லாத இடங்களிலும் கண்கள் தேடிக்கொண்டே இருக்கின்றன என்கிற பாட்டு. அதுவரை பார்த்த படத்தின் துண்டுகள் பாட்டின் வேகத்துக்கு வெட்டப்பட்டுப் பறந்துபோகின்றன. 12 வாரத்தில் நடக்கவேண்டியதை ஒரே பாட்டுக்குள் திணித்திருக்கிறார் ஷின்காய். இதில் சிலருக்குக் கொஞ்சம் மிகை தெரியும், எனக்கும் தெரிகிறது. இருந்தாலும் ரயில்வே கேட் காட்சியில் வாயடைத்துப் போகிறேன்.

10. ஒன்றுமே தோன்றவில்லை என்றால்

உங்கள் மீது குற்றமில்லை. எண்பதுகளிலிருந்து அனிமே பாட்டு என்பது இசை நிறுவனங்களுக்குப் பெரிய விளம்பர மேடை. கேட்ஸ் ஐ தொடருக்காக ஆன்ரி பாடிய பாட்டு 1983-இல் ஜப்பானின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. அப்புறம் புதுப்பாட்டைக் கொண்டுவந்து கதையின் தலையில் கட்டிவிடும் வழக்கமும் பரவிற்று. ரூரோனி கென்ஷின் வாள்வீரனின் கதை. 1996-இல் அதற்கு வந்த ஓப்பனிங்கோ ஜூடி அண்ட் மேரி பாடிய 'ஸோபகஸு', முகத்தில் இருக்கும் புள்ளிகளைப் பற்றிப் பொருமும் ஒரு பெண்ணின் பாட்டு. கதைக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை. அருமையான பாட்டு, ரசிகர்களுக்கு உயிர், ஆனால் அழுகை வரவில்லையே என்று காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு தொடர் ஒத்துவரவில்லை என்றால் நாலு அத்தியாயத்தோடு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மெதுவான கதை பிடிக்குமானால் ஃப்ரீரென் (2023), அதன் எண்டிங்காக மிலெட் பாடும் பாட்டு அவசரமே படாது. கடிதங்கள் பிடிக்குமானால் வயலட் எவர்கார்டன் (2018), பத்தாவது அத்தியாயத்தை மட்டும் பஸ்ஸிலோ ஆபீஸிலோ பார்க்காதீர்கள்.

பாட்டைத் தேடி யூடியூபுக்குப் போகும்போது இசை நிறுவனத்தின் அதிகாரபூர்வ சேனலாகப் பார்த்துப் போடுங்கள், பக்கத்தில் வரிசையாக வரும் மற்ற வீடியோக்களின் மீது கண்ணை ஓட்டாதீர்கள். கடைசி அத்தியாயத்தில் யார் சாகிறார் என்பதை முகப்புப் படத்திலேயே பெரிதாகப் போட்டு வைத்திருப்பார்கள்.